எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோலா? பல்கலைக்கழக ஆராய்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1913ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் இரண்டு வேலைகள் தொடங்கின. தமிழ் லெக்சிகன் என்று எல்லோரும் சொல்கிற தமிழ்ப் பேரகராதிக்கான பணி அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பமானது. மே மாதத்தில் ராமானுஜன் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் அதே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவரானார். ராமானுஜனுக்கு வேண்டியிருந்தது ஒரு சிலேட்டும் பலப்பமும் தொந்தரவில்லாத பொழுதும்தான். அகராதிக்கோ சங்க நூல்களிலிருந்து வட்டார வழக்கு வரை சிதறிக் கிடந்த சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பொருளும் சான்றும் தேடுகிற அறிஞர் குழு வேண்டியிருந்தது. ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போனார், 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், 1920இல் 32 வயதில் மறைந்தார். அகராதியின் முதல் பகுதி அச்சுக்கு வந்ததே 1924இல்தான். ஆறு தொகுதிகளும் முடிய 1936 ஆயிற்று. 1939இல் பின்னிணைப்பும் வந்தபோது அதில் இருந்த சொற்கள் 1,17,000-க்கும் மேல்.

இரண்டுமே ஆராய்ச்சிதான். ஆனால் ‘கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை கட்டுரை வெளியிட்டீர்கள்?’ என்று இன்றைய படிவத்தை நீட்டியிருந்தால், அகராதிக் குழு பத்தாண்டுக்கும் மேலாகப் பூஜ்யம் என்றே நிரப்பிக் கொடுத்திருக்கும். படியை வைத்துத் துணியை அளக்கிற வேலை இது. புதிதாக முனைவர் பட்டத்துக்குச் சேர்கிறவர்கள், அவர்களைத் தேர்ந்தெடுக்கிற குழுக்கள், ‘இன்னும் முடிக்கலையா?’ என்று கேட்கிற உறவினர்கள் என எல்லோரும் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வருகின்றன. தனக்குப் பழகிய ஒரு துறையின் வழக்கத்தை மற்ற எல்லாத் துறைக்கும் சட்டமாக்கிவிடுகிறோம்.

எண்ணை மட்டும் பார்த்து எடைபோடுவது

அதிகச் சேதம் செய்கிற தவறு இதுதான். பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2010இல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு, கருத்தரங்குக்கு இவ்வளவு. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற ஜர்னல்கள் பெருகின. அவற்றை வடிகட்ட 2019இல் ஏற்கத்தக்க ஜர்னல்களின் பட்டியலாக யூஜிசி-கேர் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை 2022ஆம் ஆண்டின் விதிமுறை எடுத்துவிட்டது. ஆனாலும் உங்கள் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் அதை வைத்திருக்கலாம். பதிவு செய்யும்போதே கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நம்புகிற அந்த எண்கள் எதற்காகப் பிறந்தவை என்று பார்த்தாலே பாதி மயக்கம் தெளியும். ஒரு ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் எண் இம்பாக்ட் ஃபேக்டர். யூஜின் கார்ஃபீல்டு உருவாக்கிய அது ஜர்னல்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க ஏற்பட்டது, நூலகங்களுக்குப் பயன்பட்டது. அதை வைத்து ஒரு தனி மனிதரின் கட்டுரையை எடைபோட முடியாது. ஒருவரின் கட்டுரை எண்ணிக்கையையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிற எச்-இன்டெக்ஸைக் கொடுத்த இயற்பியலாளர் ஹிர்ஷ், 2005இல் எழுதிய அந்த முதல் கட்டுரையிலேயே உயிரியலாளர்களின் எண் இயற்பியலாளர்களைவிட அதிகமாக இருக்கும், துறைக்குத் துறை வேறுபடும் என்று சொல்லிவிட்டார். உருவாக்கியவரே எச்சரித்த பிறகும் தேர்வுக் குழுவில் ஒரு கணிதக்காரரையும் மருந்தியல்காரரையும் பக்கத்தில் நிறுத்தி எண்ணைப் படிப்பது நியாயமே இல்லை. கணிதத்தில் ஒரு நிரூபணத்தைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் உலகம் முழுக்கச் சில பத்துப் பேராக இருக்கலாம். கணினி அறிவியலில் நல்ல வேலை பெரும்பாலும் மாநாட்டுக் கட்டுரையாக வரும். அங்கே பெரிய மாநாடுகளில் இடம் கிடைப்பது சாதாரண ஜர்னலைவிடக் கடினம். வரலாற்றில் பத்து வருட உழைப்பு ஒரு புத்தகமாக வரும், அந்தப் புத்தகத்தை மேற்கோள் கணக்கெடுக்கிற தரவுத்தளங்கள் பல நேரம் கண்டுகொள்வதில்லை. தமிழில் எழுதியிருந்தால் இன்னும் மோசம்.

ஆசிரியர் பெயர் வரிசையிலும் இதே சிக்கல்தான். உயிரியலில் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தின் தலைவருடையது. கணிதத்திலும் பொருளியலிலும் அகரவரிசைதான் பெருவழக்கு. ஆகவே ஒரு பொருளியல் கட்டுரையில் ‘நீங்கள் மூன்றாவது பெயர்தானே’ என்று நேர்காணலில் மதிப்பெண்ணைக் குறைத்தால், அவருடைய பெயரின் முதல் எழுத்துக்குத் தண்டனை கொடுக்கிறோம். துகள் இயற்பியலில் கதையே வேறு. ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்து 2015இல் வந்த கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். அவ்வளவு பெரிய கருவியைக் கட்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு என்பது அந்தத் துறையின் நியாயம்.

பக்கத்துத் துறையின் உடையை மாட்டிக்கொள்வது

தமிழிலோ வரலாற்றிலோ ஆய்வு செய்கிற மாணவர், தன் வேலை ‘அறிவியல்பூர்வமாக’ தெரிய வேண்டும் என்று 300 பேருக்கு வினாத்தாள் கொடுத்து, கை-வர்க்கச் சோதனை என்ற புள்ளியியல் சோதனை போட்டு, பை சார்ட் ஒட்டுகிறார். கேட்ட கேள்விக்கும் கிடைத்த அட்டவணைக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு பாடலின் பாடபேதங்களை, அதாவது சுவடிக்குச் சுவடி மாறுகிற சொற்களை, நாலு சுவடிகளில் ஒப்பிட்டு எது மூலத்துக்கு நெருங்கியது என்று காட்டுவது எந்தப் புள்ளியியலுக்கும் குறைந்ததல்ல. அதற்கென்று கறாரான விதிகள் உண்டு: எந்தச் சுவடி எதைப் பார்த்து எழுதப்பட்டது, எழுதியவர் எங்கே தடுமாறினார், யாப்பு எந்தப் பாடத்தை ஏற்கும், உரைகாரர் கண்ட பாடம் எது. இந்த வேலையைத் துணிந்து செய்யுங்கள், பை சார்ட்டை விட்டுவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘ஐந்தே ஐந்து கிராமமா? இது எப்படி ஆராய்ச்சியாகும்?’ என்று மாதிரியின் அளவை மட்டும் கேட்பது. இதற்குச் சென்னையிலேயே நல்ல பதில் இருக்கிறது. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஊரைக் கணக்கெடுத்து வரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன பயிர், யார் வெளியூர் போனார்கள் என்கிற விவரங்கள். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்களின் விவரங்கள் 1918இல் புத்தகமாக வந்தன.

அத்தோடு முடியவில்லை. 1936-37இல் பொருளியலாளர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1960களில், 1980களில், கடைசியாக 2008இல் என்று வெவ்வேறு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ஒரே ஊரில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பண்ணையாள் முறை எப்படித் தேய்ந்தது, தொழிலாளர்கள் எப்படிப் பேரம் பேசக்கூடியவர்களாக மாறினார்கள் என்று கிட்டத்தட்ட நூறு வருடத்தைப் பின்தொடர முடிகிறது. லட்சம் வீடுகளுக்குப் போகும் மாதிரி ஆய்வுகளுக்கு வேறு பலம் உண்டு. இந்த நீளம் அவற்றுக்குக் கிடையாது. 1916இல் நோட்டில் எழுதிய ஒரு கல்லூரி மாணவருக்குத் தன் குறிப்பு 2008இல் பயன்படும் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் கவனமாக எழுதினார், அதுதான் விஷயம்.

‘இதை ஏற்கெனவே பண்ணிட்டாங்க’ என்று தலைப்பைத் தட்டிவிடுகிற நெறியாளர்கள் இந்த ஊர்களை நினைத்துக்கொள்வது நல்லது. உளவியலில் 2015இல் 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, முதலில் சொன்ன விளைவு திரும்பக் கிடைத்தது நாற்பது சதவீதத்துக்கும் குறைவானவற்றில்தான். திரும்பச் செய்து பார்ப்பது சில துறைகளில் மிக அவசரமான ஆராய்ச்சி.

அடுத்த துறை கொடுத்த எண்ணை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வது

இதில் படித்தவர்களே அதிகம் விழுகிறார்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டது. மாதிரியைச் சோதித்தது அமெரிக்காவின் மியாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகம். அந்த எண் எப்படி வருகிறது? ஆய்வகம் அளப்பது மாதிரியில் மிச்சமிருக்கிற கார்பன்-14, அதாவது உயிர் போன பிறகு மெல்லச் சிதைந்து குறைகிற ஒரு வகைக் கார்பன். அதிலிருந்து 1950ஐப் பூஜ்யமாக வைத்து, அதற்கு எத்தனை ஆண்டு முன்பு என்று ஒரு கணக்கு. பிறகு மர வளையங்களிலிருந்து தயாரித்த வளைகோட்டோடு ஒப்பிட்டு அதைத் திருத்த வேண்டும். கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில் அந்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாகப் போகிறது. அதனால் அந்தக் காலத்து மாதிரிக்கு ஒற்றை ஆண்டு கிடைக்காது, நூற்றாண்டுக் கணக்கில் விரியும் ஒரு வீச்சுதான் கிடைக்கும். அப்புறம், கரித்துண்டு சொல்வது அந்த மரம் உயிரோடு இருந்த காலத்தை. பக்கத்தில் கிடந்த பானை ஓட்டின் காலத்தைச் சொல்ல, இரண்டும் கலையாத ஒரே மண்ணடுக்கில் கிடந்தன என்று அகழாய்வாளர் காட்ட வேண்டும்.

இதனால் கீழடியின் மதிப்பு ஒரு துளியும் குறையாது. பல மாதிரிகள், அடுக்குகளின் வரிசை, பானை வகைகள், எழுத்தின் வடிவம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு காலம் நிலைபெறுகிறது. அதனால்தான் அங்கே அத்தனை கட்ட அகழாய்வு நடக்கிறது. ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிற இரண்டு தரப்புமே அந்த உழைப்பைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

எவ்வளவு உறுதி போதும் என்பதும் துறைக்குத் துறை மாறும். சமூக அறிவியலிலும் மருத்துவத்திலும் வெறும் தற்செயலில் இப்படி ஒரு முடிவு வர இருபதில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்றால் பொதுவாக ஏற்கிறார்கள். துகள் இயற்பியலில் ‘கண்டுபிடித்தோம்’ என்று சொல்ல அது ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். கோடிக்கணக்கான துகள் மோதல்களில் தேடுகிறவர்களுக்கு அந்தக் கறார் அவசியம். நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கிறவரிடம் அதையே கேட்டால் எந்தச் சோதனையும் முடியாது.

ஒப்புமை சதவீதத்தைத் தீர்ப்பாக நினைப்பது

ஆய்வேட்டில் எவ்வளவு பகுதி ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் ஒரு சதவீதம் சொல்லும். 2018ஆம் ஆண்டின் யூஜிசி விதிமுறைப்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ‘எட்டு சதவீதம்தான், தப்பிச்சோம்’ என்பவர்களும் உண்டு, ‘இருபது வந்துவிட்டது’ என்று மேற்கோள்களை வெட்டுபவர்களும் உண்டு. முறையாகச் சுட்டிய மேற்கோள், நூற்பட்டியல், சட்ட வாசகங்கள், சமன்பாடுகள் இவற்றை விலக்கிவிட்டுத்தான் கணக்கெடுக்க வேண்டும் என்று அதே விதிமுறை சொல்கிறது. சட்டத்திலும் இலக்கியத்திலும் மூல வரியை அப்படியே கொடுக்காமல் ஆய்வே நடக்காது. குறுந்தொகைப் பாடலை மென்பொருளுக்குப் பயந்து மாற்றி எழுதவா முடியும்? இன்னொன்று, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேட்டை மென்பொருள் தமிழாகவே படிக்காது. அங்கே வரும் பூஜ்யத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. நெறியாளர் உட்கார்ந்து படிப்பதற்கு மாற்று கிடையாது.

‘இதனால என்ன பயன்?’ என்று முதல் நாளே கேட்பது

1950களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி.என். ராமச்சந்திரன் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தைத் தேடினார். தோலிலும் தசைநாணிலும் இருப்பது அது. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். மாதிரிகள் அங்கிருந்து வந்தன, கங்காருவின் வால் தசைநாண் உட்பட. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் முச்சுருள் வடிவத்தை வெளியிட்டார்கள். இயற்பியல் துறைக்குத் தோல் எதற்கு என்று அன்று யாராவது கோப்பைத் திருப்பி அனுப்பியிருந்தால்? புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டி 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தைக் கொண்டுதான் புரத வடிவம் சரியா என்று இன்றும் உலகம் முழுக்கச் சரிபார்க்கிறார்கள். 1971இல் அவரும் லட்சுமிநாராயணனும் சேர்ந்து, பல கோணத்து நிழற்படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கட்டும் கணித வழியைக் கொடுத்தார்கள். சி.டி. ஸ்கேன் படத்தை உருவாக்கும் கணக்கில் இன்றும் ‘ராம்-லாக்’ என்று ஒரு வடிகட்டி இருக்கிறது, அது இவர்கள் பெயர்தான்.

இப்படித் துறை தாண்டிச் சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறவர்கள் சில விஷயங்களைத் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். இரு துறைக்கும் பொருந்தும்படி பெயர் வரிசை எப்படி, தரவு யாரிடம் இருக்கும், மாணவரின் ஆய்வேட்டில் எந்தப் பகுதி போகும். மனிதர்களைப் பேட்டி எடுப்பதென்றால் மொழியியல்காரரும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம். மருத்துவத்துக்கு மட்டும்தான் அது என்று விட்டுவிடாதீர்கள். தாவரவியல்காரர் கூட இருந்தால் கால அட்டவணையை அவரிடம் கேட்டுப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பூக்கிற செடியை ஜனவரி கூட்டத்தில் திட்டமிடத் தொடங்கினால் மாதிரி கையில் வர அடுத்த நவம்பர் ஆகிவிடும்.