வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறீர்களா? இதையும் தெரிந்துகொண்டு போங்கள்

அப்பாவோ அம்மாவோ உடலுழைப்பில் சம்பாதிக்கும் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படிப் படிப்பது, அட்டவணை எப்படிப் போடுவது என்பதெல்லாம் வேறு இடங்களில் தாராளமாகக் கிடைக்கும். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துபோன, உங்களிடம் யாரும் சொல்லாத சங்கதிகள் சிலதான் இங்கே.

முதல் வேலை, கேட்கப் பழகுவது. மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். உழைக்கிற வீடுகளில் பிள்ளைக்கு என்ன சொல்லி வளர்க்கிறார்கள்? யாரையும் தொந்தரவு செய்யாதே, உன் வேலையை நீயே முடி, பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்காதே. தப்பே இல்லை, வேலையிடத்தில் ஓயாமல் சந்தேகம் கேட்கிறவரை மறுநாள் கூப்பிடமாட்டார்கள் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் கல்லூரியில் இதே நல்ல குணம் காலை வாரிவிடும். ஜெசிகா கலார்கோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்ததை 2011-இல் வெளியிட்டார். நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் சந்தேகம் வந்த உடனே ஆசிரியரிடம் போய் நின்றார்கள், சில நேரம் இடைமறித்தும் கேட்டார்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளோ தாங்களே முட்டிமோதினார்கள், இல்லையென்றால் ஆசிரியர் தங்கள் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தார்கள். கேட்டவர்களுக்குத்தான் உதவி அதிகம் கிடைத்தது, கணக்கும் முடிந்தது. அந்த வயதிலேயே இப்படி என்றால், கல்லூரிக்கு வரும்போது அது எவ்வளவு ஊறிப்போயிருக்கும் பாருங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? ஆசிரியர் அறைக்குப் போய் "ஒண்ணுமே புரியல சார்" என்று நிற்காதீர்கள், அவருக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது. நோட்டைக் கையில் எடுத்துப் போய், மூன்றாவது வரிவரை எனக்கு வருகிறது, நாலாவது வரியில் இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அவகாசம் வேண்டுமென்றால் கடைசித் தேதிக்கு முன்னாலேயே எழுதுங்கள், இப்படி:

"வணக்கம் ஐயா. நான் உங்கள் புள்ளியியல் வகுப்பு மாணவி. வெள்ளிக்கிழமை தரவேண்டிய கட்டுரையில் தரவுப் பகுதியை முடித்துவிட்டேன், முடிவுகள் பகுதி பாக்கி. பகுதிநேர வேலையில் என் ஷிப்டை மாற்றிவிட்டார்கள். திங்கள்கிழமைவரை அவகாசம் கிடைக்குமா? முடித்தவரை இத்துடன் இணைத்திருக்கிறேன்."

அவ்வளவுதான். செத்துப்போன தாத்தாவை மறுபடி சாகடிக்க வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். எது முடிந்தது, எது பாக்கி, என்றைக்குத் தருவீர்கள், இந்த மூன்றும் இருந்தால் போதும். இப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாமல் ராத்திரி முழுக்க விழித்து அரைகுறையாகக் கொடுத்து மதிப்பெண்ணை இழக்கிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். மறுத்துவிட்டால்? கேட்பதற்கு முன் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள்.

அடுத்தது, சொன்னதைச் சொன்னபடி செய்கிற பழக்கம். ஜீன் அன்யான் என்ற கல்வி ஆய்வாளர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐந்து தொடக்கப்பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புகளை ஒப்பிட்டு 1980-இல் எழுதினார். தொழிலாளர் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் வகுத்தல் கணக்கென்றால் படிகளை அப்படியே பின்பற்ற வேண்டும், வேறு வழியில் போட்டால் தவறு. பெரிய நிர்வாகிகளின் பிள்ளைகள் படித்த பள்ளியில், நீயே யோசித்துச் சொல், ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார்கள். யார் நாளைக்கு உத்தரவுக்குக் கீழ்ப்படியப்போகிறார்கள், யார் உத்தரவு போடப்போகிறார்கள் என்பதற்கான ஒத்திகை மாதிரி இருந்தது அது. கல்லூரிக் கட்டுரைகள் பலவற்றில் இந்த இரண்டாவது வகைக்குத்தான் மதிப்பெண். அதனால் முதல் வரைவை முடித்ததும் ஒவ்வொரு பத்திக்குக் கீழும் பென்சிலால் "அப்படியா, ஏன்?" என்று எழுதிவிட்டு, அதற்கு உங்கள் சொந்த வாக்கியத்தில் ஒரு பதில் சேருங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிற பதிலாக இருந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இந்த விதிகளைக் கற்றுக்கொண்டால் ஆட்டம் நியாயமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. விதிகளை ஒளித்துவைத்து ஆடும் ஆட்டம் எப்படி நியாயமாகும்? தெரிந்துகொண்டு, அடுத்து வருகிறவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இனி ரெஸ்யூமே, அதாவது வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தருகிற தன்விவரக் குறிப்பு. பள்ளி விடுமுறையில் செய்த கூலி வேலையை வெட்கப்பட்டு மறைத்துவிட்டு, கூடப் படிக்கிறவர் போட்டிருக்கும் 'தலைமைப் பண்பு முகாம்' சான்றிதழைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "கிடங்கில் வேலை செய்தேன்" என்று மொட்டையாகப் போடாதீர்கள். தினமும் வந்த சரக்கை ரசீதோடு ஒப்பிட்டு எண்ணினீர்களா, குறைந்தால் யாரிடம் எழுதி வாங்கினீர்கள், புதிதாக வந்த பையனுக்கு வேலை பழக்கினீர்களா? அதையெல்லாம் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஊதிப் பெரிதாக்க வேண்டாம், 'மேலாண்மை' என்றெல்லாம் போட்டால் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். செய்ததைச் செய்தபடி எழுதினாலே முகாம் சான்றிதழைவிடக் கனமாக நிற்கும்.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் (நிறுவனத்தில் சில காலம் வேலை பழகுவது) வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெண்டு மாதம் சம்பாதிக்காமல் இருக்க முடிகிறவர்களை மட்டும் வடிகட்டும் சல்லடை அது, என் கண்ணுக்கு. உதவித்தொகை உண்டா என்று அந்த நிறுவனத்தையும் துறைத்தலைவரையும் கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே இருக்கும் சம்பள வேலையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆள் பழக்கம் பற்றி ஒன்று. கம்பெனியில் மாமா இல்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 சதவீதம்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற ஆள்தான் வேலைத் தகவல் தந்திருக்கிறார். உங்களுக்கும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள்: படிப்பை முடித்துவிட்டுப் போன சீனியர், ஆய்வக உதவியாளர், பகுதிநேர வேலையில் பார்த்த கணக்காளர். எண்களைக் குறித்துவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரெண்டு வரி அனுப்புங்கள், நலமா, நான் இப்போது இதைப் படிக்கிறேன் என்று. வேலை கேட்க வேண்டியதில்லை, உங்களை ஞாபகம் இருந்தால் போதும்.

அப்புறம் வீடு. நாள் முழுக்க உட்கார்ந்து படிப்பதை வேலையாகப் பார்க்க வீட்டாருக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. செமஸ்டர் தொடங்கும்போதே தேர்வுத் தேதிகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். விடுதியில் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பி, இந்த நாட்களில் போன் எடுக்காவிட்டால் பயப்படாதீர்கள், ராத்திரி சாப்பிட்டதும் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவையுங்கள். விசேஷத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தாலும் அந்தத் தாளைக் காட்டிப் பேசிக்கொள்ளலாம்.