இலைக்குள் வாழும் பூஞ்சையைப் பிரித்தெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை, சுடர், தட்டில் பெயர் எழுதுவது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள், நாங்கள் தொடங்கிய காலத்தில் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசிக் கழுவுநீரைக் கொட்டிவிடுவது

இலையின் மேல் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்து வேறு, திசுவுக்குள் குடியிருக்கும் பூஞ்சை வேறு. மேலே இருப்பதைக் கொல்லத்தான் 70% எத்தனால், சோடியம் ஹைப்போகுளோரைட், மறுபடி எத்தனால், அப்புறம் கிருமிநீக்கிய நீரில் மூன்று அலசல். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, அந்தக் கடைசி நீரைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள்! அதில் 100 மைக்ரோலிட்டரை ஓர் அகார் தட்டில் (பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) பரப்பி வைத்தாலே மேற்பரப்பு சுத்தமானதா என்று தெரிந்துவிடும். கழுவிய இலையைத் தட்டில் சற்று அழுத்தி எடுத்துவிட்டு, அந்தத் தட்டை வளர்ப்பறையில் வைத்தும் பார்க்கலாம். இரண்டிலும் எதுவும் முளைக்கக் கூடாது.

ஒரு மாணவி தட்டு தட்டாகப் பெனிசிலியம் என்ற பச்சைப் பூஞ்சையோடு வந்து நின்றார். வெட்டிய ஓரத்தில் மட்டுமல்ல, இலைத்துண்டின் மேலெல்லாம் இரண்டே நாளில் படர்ந்திருந்தது. அதற்குள் டிஎன்ஏ வரிசை பார்த்தாயிற்று, பாக்டீரியாவை எதிர்க்கிறதா என்ற சோதனையும் முடிந்தாயிற்று. கழுவுநீர்த் தட்டு எங்கே என்று கேட்டேன். இல்லை. பெனிசிலியம் இலைக்குள்ளும் வாழக்கூடியது என்பதுதான் சிக்கல். பெயரை வைத்து உள்ளிருந்து வந்ததா, வெளியே ஒட்டியதா என்று சொல்லவே முடியாது. ஒரு பருவம் முழுக்கச் செய்த வேலையை ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

டிஎன்ஏவை அப்படியே நம்புவது

பூஞ்சையோடு இலைக்குள் வாழும் பாக்டீரியாவையும் தேடி, அவற்றை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவைப் படியெடுத்துப் பெருக்கினால், பெரும்பாலும் பசுங்கணிகத்தின் மரபணுதான் வந்து குவியும். பசுங்கணிகமே ஒரு காலத்தில் செல்லுக்குள் குடிபுகுந்த சயனோபாக்டீரியாவின் வழித்தோன்றல்தானே! பசுங்கணிக மரபணுவைப் பெருக்காத பிரைமரை (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: எத்தனால் மேற்பரப்பு பாக்டீரியாவைக் கொல்லும், அதன் டிஎன்ஏவை அழிக்காது. செத்த பாக்டீரியாவும் பட்டியலில் ஏறிவிடும். டிஎன்ஏவைச் சிதைப்பது ஹைப்போகுளோரைட்தான்.

எல்லா இலைக்கும் ஒரே நேரக் கணக்கு

மெல்லிய இலையில் ஹைப்போகுளோரைட் உள்ளே இறங்கி, நாம் தேடுவதையே கொன்றுவிடும். ஒவ்வொரு செடிக்கும் நேரத்தைத் தனியாகச் சோதித்து வையுங்கள்.

தட்டைச் சீக்கிரம் வீசுவது

மெதுவாக வளரும் பூஞ்சை வெளியே வர மூன்று, நான்கு வாரம்கூட ஆகும்.