நூலகத்துக்கு நிதி கேட்கும் முன்

'நூலகத்தை நவீனமாக்க 1 கோடி தேவை' என்று ஒற்றை வரியில் கடிதம் எழுதினால், அது யாராவது ஒருவருடைய மேஜையில் கோப்புக்கு அடியில் போய்த் தூங்கும். வேலூர் பக்கத்தில் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் மாதிரியான அரசுப் பல்கலையை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில், காசில்லாமல் கிடைப்பதைக் கணக்கிலிருந்து கழியுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 13,000-த்துக்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள் வருகின்றன, அதைப் பார்க்காமல் சந்தாவுக்கென்று தனியாகப் பணம் கேட்காதீர்கள். புத்தகப் பட்டியல், இரவல் கணக்கு வைக்கும் நூலக மென்பொருளுக்கு கோஹா இருக்கிறது, உரிமக் கட்டணம் கிடையாது.

மிச்சத்தை ஒருமுறைச் செலவு, வருடாந்திரச் செலவு என்று பிரியுங்கள். கோட்டை விடுவது இங்கேதான். ஒரு நூலகத்தில், மாணவர்கள் தாங்களே புத்தகம் பதிந்து எடுத்துப்போகும் இயந்திரத்தை ஆசையாக வாங்கினார்கள், இரண்டு வருடம் கழித்து நான் போனபோது ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம், கட்டப் பணமில்லாமல் அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே வருகைப் பதிவேட்டையும் நூலில் கட்டிய பேனாவையும் வைத்திருந்தார்கள்.

சரி, யாரிடம் கேட்பது? எம்.பி. தொகுதி நிதி வருடம் 5 கோடி, ஆனால் கணினி போன்ற நிலைத்த சொத்துக்குத்தான், சம்பளத்துக்கு ஆகாது. வீட்டு வரியோடு கட்டுகிற நூலக வரி பொது நூலகங்களுக்கு உரியது, அந்தப் பக்கம் அலைய வேண்டாம்.

நம் பகுதியில் கேட்க வேண்டிய இடம் ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள். நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். இந்தச் சமூகப் பணி நிதியை வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு பல்கலைக்கு இருக்கிறதா என்று நிதி அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, ஏப்ரல், மே மாதங்களில், அவர்கள் அந்த வருடத் திட்டம் போடும் நேரத்தில் போங்கள். ஒரே பக்கம், ஒரே பொருள், மூன்று விலைப்புள்ளி, அப்புறம் இப்போதைய வாசிப்பு அறையின் ஒரு புகைப்படம், அது போதும்.

ஏஎம்சிக்குப் பழைய மாணவர்களைப் பிடியுங்கள். 10 லட்சம் சேர்த்து வைப்புநிதியில் போட்டால், 7 சதவீத வட்டிக்கு வருடம் 70,000 வரும், அசலைத் தொடக்கூடாது என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். '80ஜி ரசீது தருவீங்களா?' என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும், நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வாங்க உதவும் ரசீது அது, பதிலோடு போங்கள்.