திருக்கடையூர் அறுபதாம் கல்யாணம்: கிளம்பும் முன்

டிக்கெட் போடுவதற்கு முன் தேதியைச் சரிபாருங்கள். சஷ்டியப்தபூர்த்தி, அதாவது அறுபதாம் கல்யாணம், ஆங்கிலப் பிறந்தநாளில் வராது. 60 வயது நிறைந்தபின், பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் கூடும் நாளில்தான் வரும். இதைக் கவனிக்காமல் முன்பதிவு செய்துவிட்டு, மொத்தக் குடும்பத்துக்கும் ரத்து செய்து அலைபவர்கள் நிறைய. ரயிலென்றால் மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து வேனில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம்.

கலசாபிஷேகத்தில் சொந்தபந்தம் அத்தனை பேரும் தம்பதிக்கு நீர் ஊற்றுவார்கள். அப்போது பட்டு வேண்டவே வேண்டாம். பருத்திச் சேலை, வேட்டி, இரண்டு கெட்டித் துண்டு எடுத்து வையுங்கள். பட்டு, மாங்கல்யதாரணத்துக்கு மட்டும். ஈரத்தோடு பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள், நடுங்கிப்போவார்கள். முகூர்த்த நாளில் பிராகாரம் முழுக்கத் தம்பதிகள் இருப்பார்கள். உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள தூணையோ சன்னிதியையோ குழுவில் படம் எடுத்துப் போட்டுவிட்டால் பிந்தி வருபவர்கள் தேடி அலைய மாட்டார்கள்.

மதியம் நடை சாத்துவதற்குள் அமிர்தகடேஸ்வரர், அபிராமி தரிசனத்தை முடித்துவிடுங்கள். சாப்பாடு, ஒரு தூக்கம், பிறகு வெயில் தாழ்ந்ததும் தரங்கம்பாடி. பத்து கிலோமீட்டருக்குள்தான். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையை முதலில் பாருங்கள், மாலையிலேயே மூடிவிடுவார்கள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. அப்புறம் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், கடைசியாகக் கடலோரத்து மாசிலாமணி நாதர் கோயில். அங்கே பாறைகள் வழுக்கும். குழந்தைகளை அலைக்குள் இறக்காதீர்கள்.