என்ஜின் வைத்த சைக்கிளில் கூடுதல் பெட்ரோல்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

சைக்கிளில் மாட்டும் சின்ன 2 ஸ்ட்ரோக் என்ஜின் கிட்டோடு வரும் டேங்கில் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். கொஞ்சம் தூரமாகப் போகிறவர்கள் உபரி பெட்ரோல் எடுத்துப் போவது நியாயம்தான், ஆனால் பலரும் காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கேரியரில் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த மூடி பெட்ரோல் ஆவியை அடக்கி வைக்கச் செய்ததல்ல, வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறினால் கசியும், தண்ணீர் என்று நினைத்து யாராவது குடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

முதலில் எவ்வளவு தேவை என்று பாருங்கள். டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும்போது எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு பிடித்தது என்று குறித்தால் போதும். லிட்டருக்கு 40 கி.மீ. தரும் வண்டிக்கு ஒரு லிட்டர் உபரியே தாராளம். 5 லிட்டர் கேனெல்லாம் வேண்டாம். பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ, அத்தனை எடையும் பின்னால் உயரத்தில் உட்கார்ந்தால் வளைவில் சைக்கிள் ஆட்டம் காட்டும்.

காசு போட வேண்டிய இடம் பாத்திரம் மட்டும்தான். எரிபொருளுக்கென்றே செய்த சின்ன ஹெச்டிபிஇ (கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்) கேன், இல்லையென்றால் கேம்பிங் அடுப்புக்கு விற்கும் அலுமினிய எரிபொருள் பாட்டில். பழையதாக வாங்கினாலும் சரி, ஆனால் மூடியின் வாஷரைக் கழற்றிப் பாருங்கள், வெடித்திருந்தால் நைட்ரைல் ரப்பரில் புதிது போடுங்கள், சிலிக்கான் வாஷர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். முதல் தடவை தண்ணீர் ஊற்றித் தலைகீழாக வைத்துச் சோதித்து, நன்றாகக் காயவைத்த பிறகே பெட்ரோல். கழுத்து வரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள், சூட்டில் பெட்ரோல் விரியும்.

மற்றதெல்லாம் வீட்டில் கிடப்பதை வைத்தே முடிக்கலாம். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டினால் அருமையான கட்டு கிடைக்கும், அதையே பாட்டிலைச் சுற்றியும் சுற்றிவிட்டால் அதிர்வில் கேரியர் கம்பி உரசித் தேயாது. என்ஜின் இருக்கும் முக்கோணத்துக்குள் பாட்டில் ஹோல்டர் காலியாக இருக்கிறதே என்று அங்கே மாட்டாதீர்கள், சைலன்சர் சூடும் ஸ்பார்க் பிளக் வயரும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஹேண்டில்பாரிலும் வேண்டாம், முதுகுப் பையில் வேண்டவே வேண்டாம், விழுந்தால் பெட்ரோல் உங்கள் மேல்தான் கொட்டும். பின் கேரியரில், சைலன்சர் புகை படாத பக்கமாக, முடிந்தவரை தாழ்வாக, நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். கிளம்பி சில கிலோமீட்டரில் ஒருமுறை நின்று மூடியை முகர்ந்து பாருங்கள், லேசாக வாடை வந்தாலும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

ஆயில் விஷயம். 2 ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். கலந்தே எடுத்துப் போவது சுலபம். 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் என்ஜினுக்கென்றே விற்கும் ஆயில்), உங்கள் கிட் என்ன விகிதம் சொல்கிறதோ அதுவே கணக்கு. ஊற்றுவதற்கு முன் ஒரு குலுக்கு. வழியில் பங்க் நிச்சயம் உண்டென்றால் அளந்த ஆயிலை மட்டும் குட்டி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்த வழி, எரியும் சரக்கைச் சுமக்கவே வேண்டாம்.

பங்கில் நிரப்பும்போது பாட்டிலைக் கேரியரிலிருந்து கழற்றித் தரையில் வையுங்கள், குழாய் முனை பாட்டிலின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும், நிலை மின்சாரப் பொறி வராமல் இருக்க இது முக்கியம். பாட்டிலில் பெட்ரோல் தரலாமா என்ற விதி இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். டேங்கில் ஊற்றும்போது என்ஜினை அணைத்து ஆறவிட்டு, வலை வைத்த புனலால் ஊற்றுங்கள்.

பயணம் முடிந்ததும் மிச்சத்தை டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் வைத்தால் கார்புரேட்டருக்குத்தான் கேடு. காலி பாட்டிலிலும் ஆவி நிற்கும், அதனால் அதை வீட்டுக்குள் கொண்டு போகாமல் வெளியே, நிழலில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் மூடியை இறுக்கி வையுங்கள்.