வீட்டுக் கோபத்தை கேன்வாஸ்ல ஏத்தும்போது பண்ற தப்புங்க

அப்பாகூட வருஷக்கணக்கா பேச்சில்ல, கூடப்பொறந்தவங்களுக்குள்ள தீராத மனஸ்தாபம், இந்த மாதிரி வாய்விட்டு சொல்ல முடியாத விஷயத்துக்கு அப்ஸ்ட்ராக்ட் மிக்ஸட் மீடியா, அதாவது உருவத்த அப்படியே வரையாம பெயின்ட், போட்டோ, பேப்பர்னு பலதையும் ஒரே படத்துல சேக்குற முறை, நல்லாவே கைகொடுக்கும். ஆனா முக்கால்வாசி பேர் முதல் படத்துலயே மொத்த குடும்பக் கதையையும் அடைக்கப் பாக்குறாங்க, அப்பா ஒரு மூலை, அம்மா ஒரு மூலை, நடுவுல தான், கடைசில எதுவுமே நிக்காது. ஒரு படத்துக்கு ஒரு உறவு, அதுலயும் ஒரு சங்கடம், அவ்ளோதான் தாங்கும்.

கலர் விஷயத்துலயும் இதே அவசரம்தான். கோபம்னா சிவப்பு சோகம்னா கருப்புன்னு அப்பிடுறாங்க. வீட்டு ஆளுங்க மேல வெறும் கோபம் மட்டும் யாருக்குங்க இருக்கு, பாசமும் கூடவே கெடக்கு, அதனாலதான இவ்ளோ வலிக்குது. அதுக்குத்தான் லேயர். முதல்ல வெளிர் மஞ்சள் அக்ரிலிக் (தண்ணில கரைச்சு பூசுற பெயின்ட்) அடிச்சு நல்லா காய விடுங்க, மேல அடர் சாம்பல் பூசி அது ஈரமா இருக்கும்போதே ஸ்பூன் காம்பாலயோ பழைய ஏடிஎம் கார்டாலயோ சுரண்டிப் பாருங்க, அடியில இருக்க மஞ்சள் கீறல் கீறலா எட்டிப் பாக்கும். எங்க சுரண்டணும் எங்க மூடியே விடணும்னு யோசிக்கும்போதுதான் படமே ஆரம்பிக்குது.

ஒரிஜினல் போட்டோவ தயவுசெஞ்சு ஒட்டாதீங்க, நாளைக்கு மனசு மாறினா பிச்சு எடுக்க முடியாது. ஜெராக்ஸ் இல்லனா லேசர் பிரிண்ட் எடுத்துக்கங்க. சாதா இங்க்ஜெட் பிரிண்ட்ல ஜெல் மீடியம் (ஒட்டுறதுக்கு பூசுற அக்ரிலிக் பசை) பட்டா மை கலைஞ்சு ஓடிடும். முழு முகத்த நடுவுல ஒட்டினா பாக்குறவங்க கண்ணு அங்கயே நின்னுடும், அப்புறம் நீங்க போட்ட பெயின்ட்ட எவன் பாப்பான்? ஒரு கை, சட்டைக் காலர், காலியான நாற்காலி போதும். பிரான்ஸ்ல பொறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா தன் அம்மா நினைவா 1999ல ஒரு ராட்சச சிலந்தி சிற்பம் பண்ணாங்க, அம்மா பழைய நெசவுத் திரைகள சரிபண்ற வேலை செஞ்சவங்க. அதுல முகம் எங்க இருக்கு?

படத்துல கடிதம் சேக்குறதுக்கும் அதேதான், முழுசும் காட்ட வேணாம். சொல்ல நெனச்சத முழுசா எழுதுங்க, எழுதிட்டு பாதிய பெயின்ட்டால மூடுங்க.

மெட்டீரியல்ல சொதப்புறது தனி. ஆயில் பெயின்ட் மேல அக்ரிலிக் போட்டா உரிஞ்சு வரும், அக்ரிலிக் காஞ்சப்புறம் மேல ஆயில் போடலாம். நியூஸ்பேப்பர் சீக்கிரம் பழுப்பாயிடும், அந்த பழுப்பு வேணும்னா மட்டும் ஒட்டுங்க. சாவி, பூட்டு மாதிரி கனமானத கேன்வாஸ்ல ஒட்டினா துணி தொய்யும், மரப்பலகைக்குப் போயிடுங்க. கரித்துண்டுல கிறுக்கினா ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராம பிடிச்சு வைக்கிற ஸ்ப்ரே) அடிக்காம மேல பிரஷ் வைக்காதீங்க.

இன்னொன்னு, சண்டை போட்ட ராத்திரியே முடிச்சு அவங்களுக்கே போட்டோ அனுப்புறது! அப்ப அது பெயின்டிங் இல்ல, புகார் மனு. ஆரம்பிக்கிறது அன்னைக்கே ஆரம்பிங்க, அந்த வேகம் வேணும்தான், ஆனா முடிஞ்சுதா இல்லையான்னு சூடு ஆறினப்புறம் முடிவு பண்ணுங்க. வரையும்போது மனசு ரொம்ப கலங்குச்சுன்னா பிரஷ்ஷ கழுவி வச்சிட்டு நம்பிக்கையான யார்கிட்டயாவது பேசுங்க, எல்லாத்தையும் கேன்வாஸ் தலையிலயே கட்டணும்னு இல்ல. தலைப்புல யார் பேரும் வேணாம், பின்பக்கம் தேதி மட்டும் போட்டுக்கங்க, யாராவது என்னன்னு கேட்டா சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.