கோடை முடியும் வேளையில் தீவுக் கரையில் வலசைப் பறவைகளைக் கவனிக்கும் முறை

வலசையைக் குளிர்காலத்தோடு மட்டும் சேர்த்து நினைக்கும் பழக்கத்தால், அதன் முதல் அலையைப் பலரும் தவறவிடுகின்றனர். வடகோளத்தில் கோடை முழுமையாக முடிவதற்கு முன்பே, ஜூலையிலேயே, நீரோரச் சேற்றிலும் மணலிலும் இரை தேடும் கரைப்பறவைகளின் தென்திசைப் பயணம் தொடங்கிவிடுகிறது. மரங்களற்ற குளிர்வெளியான ஆர்க்டிக் தூந்திரத்தில் அவற்றுக்குக் கிடைக்கும் கோடை மிகக் குறுகியது. ஜூனில் முட்டையிட்டுக் குஞ்சுகள் ஓடித் திரியத் தொடங்கியதும் பெற்றோருக்கு அங்கே வேலை குறைந்துவிடுகிறது. முட்டையோ குஞ்சோ பறிபோன இணைகள் அதற்கும் முன்னரே புறப்பட்டுவிடுகின்றன. ஆகவே ஜூலை இறுதி முதல் செப்டம்பர் முடிய உள்ள வாரங்களே தீவுக் கரையில் கவனிப்பதற்கு ஏற்ற காலம்.

திறந்த கடலைக் கடந்து வரும் பறவை முதலில் காணும் நிலத்தில் இறங்குவதால், சிறிய தீவுகளில் பறவைகள் செறிந்து காணப்படுகின்றன. வட கடலிலுள்ள ஹெலிகோலாந்து என்னும் சிறு தீவில் ஹைன்ரிக் கேட்கே என்பவர் 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் பறவைகளைக் குறித்து வைத்தார். 1910இல் அங்கே பறவை ஆய்வு நிலையமும் தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களுக்கு இடையிலுள்ள ஃபேர் தீவில் அத்தகைய நிலையம் 1948இல் உருவானது. எந்தத் தீவாக இருந்தாலும் முதலில் வரைபடத்தை விரித்து, கடலுக்குள் நீளும் முனைகள், சேற்றுப் பரப்புள்ள கழிமுகங்கள், மணல் திட்டுகள், காற்றுக்கு மறைவான பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு இடங்களை அவசரமாகச் சுற்றி வருவதைவிட, ஒரே இடத்தில் நான்கு மணி நேரம் அமர்வது நல்லது என்பது என் கருத்து.

எப்போது செல்வது என்பதைக் கடிகாரத்தைவிட, கடல்நீரின் ஏற்ற இறக்கமான ஓதமே தீர்மானிக்கிறது. நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் சேற்றுவெளி முழுவதும் சிதறி மேய்வதால், அவை கண்ணுக்கு எட்டாத தொலைவில் புள்ளிகளாகவே தெரியும். நீர் ஏற ஏற மேய்ச்சல் நிலம் சுருங்கி, பறவைகள் கரையை நோக்கித் தள்ளப்படுகின்றன. உச்ச ஏற்றத்தின்போது அவை உயரமான மணல் திட்டிலோ பாறையிலோ ஒன்றுகூடி ஓய்வெடுக்கின்றன. எனவே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே இடத்தில் அமர்ந்து, நீர் இறங்கத் தொடங்கும் வரை காத்திருப்பது சிறந்த முறை. ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்றைய நேரத்தை நம்பாமல் அந்தந்த நாளின் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் மிகுதியாக இருப்பதால் ஓய்விடங்கள் குறைந்து, பறவைகள் ஓரிரு திட்டுகளில் நெருக்கமாகக் கூடும். எண்ணிக்கை எடுக்க அந்நாள்களே உகந்தவை. ஆனால், திட்டுகளுக்கு நடந்து செல்பவர்கள் திரும்பும் வழி நீரில் மூழ்கும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு அமர்வது கண்ணுக்கும் நிறத்துக்கும் நல்லது. 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் வில்லையும் கொண்ட பைனாகுலர் பெரும்பாலான தேவைக்குப் போதும். தொலைவிலுள்ள கூட்டங்களுக்கு முக்காலியில் பொருத்திய ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் தொலைநோக்கி உதவும். நண்பகலில் சூடேறிய மணலின் மேல் காற்று நெளிவதால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அந்நேரத்தில் பயன் தராது.

இந்தப் பருவத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றுள் முதன்மையானது பறவையின் வயதைக் காண்பதே. பறவையின் பெயரைக் கண்டுபிடித்ததும் பலர் அடுத்த பறவைக்குத் தாவிவிடுகின்றனர். ஆனால் வலசை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வது பெயரல்ல, வயது. பல கரைப்பறவை இனங்களில் முதிர்ந்தவை முன்னே செல்ல, அவ்வாண்டு பிறந்த இளம்பறவைகள் வாரங்கள் கழித்து, வழிகாட்டப் பெற்றோர் எவருமின்றித் தாமாகவே வருகின்றன. வளைமூக்கு உள்ளானில் அடைகாப்பதில் பங்கெடுக்காத ஆண்கள் முதலிலும், பெண்கள் அடுத்தும், இளையவை இறுதியிலும் வந்து சேரும். ஃபாலரோப் என்னும் சிறு கரைப்பறவை இனங்களில் இது தலைகீழ்; அங்கே அடைகாப்பவை ஆண்களாதலால் பெண்களே முதலில் கிளம்பும்.

வயதைப் பிரித்தறிவது பார்ப்பதற்குத் தோன்றும் அளவுக்குக் கடினமன்று. ஆகஸ்டில் காணப்படும் முதிர்ந்த பறவையின் இறகுகள் இனப்பெருக்க காலம் முழுவதும் உழைத்தவை. ஓரங்கள் தேய்ந்து, செங்கல் நிறமோ கருமையோ திட்டுத்திட்டாக மங்கி, இடையிடையே புதிய சாம்பல் இறகுகள் தலைகாட்டும். இளம்பறவையின் இறகுகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முளைத்தவை ஆதலால், அவை ஒரே சீராகப் புதிதாக இருக்கும். முதுகிலும் சிறகிலும் ஒவ்வோர் இறகுக்கும் வெளிறிய விளிம்பு அமைந்து, மீன் செதில்களை அடுக்கியது போலத் தோன்றும். இளம் கொசு உள்ளானின் முதுகில் ஒரு வெண்கோடு ஆங்கில எழுத்தான ‘வி’ வடிவில் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு வருகையின்போதும் முதிர்ந்தவை எத்தனை, இளையவை எத்தனை என்று தனித்தனியே எழுதிவந்தால், முன்னணியினர் கடந்து போய்ப் பின்னணியினர் வந்து சேரும் நாள்களை உங்கள் குறிப்பேடே காட்டும்.

இனத்தை அறிவதற்கு, மங்கிவரும் நிறத்தை நம்பாமல் உடலமைப்பு, அலகு, பறக்கையில் தெரியும் குறி ஆகியவற்றை நம்ப வேண்டும். பறக்கும்போது, நீண்ட அலகுடைய கரைப்பறவையான கருவால் மூக்கனின் சிறகில் அகன்ற வெண்பட்டை தெரியும். பட்டைவால் மூக்கனில் அது இராது. சாம்பல் உப்புக்கொத்தி சிறகை உயர்த்துகையில் அக்குளில் உள்ள கருந்திட்டு, வேறு எந்தக் குறியும் தேவையில்லாத அளவுக்குத் தெளிவானது. வளைந்த நீண்ட அலகுடைய கரைப்பறவையான சின்னக் கோட்டானுக்குத் (விம்பிரல்; ஆந்தையன்று) தலையில் கோடுகளும், ஏறத்தாழ ஏழு முறை அடுத்தடுத்து ஒலிக்கும் குரலும் உண்டு. கரையில் ஒதுங்கிய கடற்பாசிக் குவியலையும் மறவாமல் பார்க்க வேண்டும்; கல்திருப்பி உள்ளான்கள் பாசியைப் புரட்டிச் சிற்றுயிர்களைத் தேடுவது பெரும்பாலும் அங்கேதான்.

கடலை நோக்கிக் கவனிக்க விரும்புவோர், கடலிலிருந்து கரை நோக்கி வலுவாகக் காற்று வீசும் நாள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமாக ஆழ்கடலில் திரியும் ஷியர்வாட்டர் போன்ற கடற்பறவைகள் அப்போது முனைகளுக்கு அருகில் தள்ளப்படும். ஆலாக்களுக்கு இத்தகைய காற்று தேவையில்லை. பறக்கப் பழகிவிட்ட பிறகும் பெற்றோரைத் துரத்திக் கத்தி மீன் கேட்கும் ஆலாக் குஞ்சுகளை இக்காலத்தில் எளிதில் காணலாம். சிறு நிலப்பறவைகள் பல இரவில் பயணம் செய்வதால், மழையோ எதிர்க்காற்றோ வந்த இரவுக்கு அடுத்த விடியலில் கரையோரப் புதர்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நெருங்கிச் செல்வதில் கட்டுப்பாடு தேவை. ஓய்விலிருக்கும் பறவைகள் ஒரே சமயத்தில் தலையை உயர்த்தினாலோ குரல் எழுப்பினாலோ நடக்கத் தொடங்கினாலோ, நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்புவதற்கு நியாயமே இல்லை. 2022 அக்டோபரில் ஏறத்தாழ 5 மாத வயதுடைய ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து தாஸ்மானியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. இத்தகைய பயணத்துக்கு முன் அந்த இனம் உடலில் பெருமளவு கொழுப்பைச் சேர்த்து, செரிமான உறுப்புகளையும் சுருக்கிக்கொள்கிறது. வீணாக எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்புதான் கரைகிறது.

பெருங்கூட்டத்தை எண்ணும்போது முதலில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைக்கும் இடத்தின் அளவைக் கண்ணில் நிறுத்திக்கொண்டு, அதே அளவால் மீதிக் கூட்டத்தை அளக்க வேண்டும். நாள், நேரம், ஓத நிலை, காற்றின் திசை, வயதுவாரியான எண்ணிக்கை ஆகியவற்றை அங்கேயே எழுதி, பறவைப் பதிவுகளைத் திரட்டுவதற்காக 2002இல் தொடங்கப்பட்ட இபேர்ட் இணையதளத்தில் பதிவேற்றலாம். செப்டம்பர் 6 உலகக் கரைப்பறவை நாள் என்பதால், அதையொட்டி எடுக்கும் எண்ணிக்கைக்குக் கூடுதல் பயன் உண்டு. காலில் வண்ண வளையமோ சிறு கொடியோ கண்டால் அதன் நிறம், எழுத்து, வலக்கால் இடக்கால் என்ற விவரம், முழங்காலுக்கு மேலா கீழா என்பது வரை குறித்துக்கொள்ளுங்கள். 1899இல் டென்மார்க்கில் மார்டென்சன் என்பவர் அலுமினிய வளையங்களை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கியது முதல் பறவைகளின் பாதைகள் பல இவ்வாறே அறியப்பட்டு வந்துள்ளன. எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் நிறத்தை மட்டுமாவது தெரிவியுங்கள். கிழக்காசிய-ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் கொடியின் நிறமே அது எந்தப் பகுதியில் கட்டப்பட்டது என்பதைக் காட்டிவிடும்.